எலும்பு இல்லாத பீங்கான்

2025 ஜூன் 12, வியாழன்

வாலிகண்டபுரம் பொன்னுத்தாயிடம் பொய் சொல்லி அவள் வீட்டுப் பூச்சாடியை எடுத்து வந்தேன். போன வருடம் மார்ச் மாதம். மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோடு கலந்து செய்த ஜாடி இது, சாமிக்கு வைக்க ஆகாது என்று சொன்னேன். அதில் எலும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

செய்ததை இதுவரை எந்த நோட்டிலும் எழுதவில்லை. இன்று எழுதக் காரணம் செல்லதுரை, பொன்னுத்தாயின் புருஷன். அரியலூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். சிமெண்ட் ஆலையில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில் விருந்தினர் விடுதித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவன். இளைய பெண் அனிதாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்றான். சொன்ன முகத்தில் கல்யாணக் களை இல்லை. கல்யாணத்துக்கு முன் வைக்கும் படையலுக்குப் பங்காளிகள் வர மறுக்கிறார்களாம்.

"எலும்பு ஜாடிய இருபது வருசம் சாமிப் பொட்டிக்குள்ள வச்சிருந்த வூட்டுல கை நனைக்க மாட்டோங்கிறாங்கண்ணே. நீங்க மட்டும் சொல்லலேன்னா எங்களுக்கு இன்னும் தெரியாமயே போயிருக்கும்."

எனக்கு நன்றி சொன்னான். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 13

எழுதிய பிறகும் ஜாடி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

என் பக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டதால் மற்றவர்கள் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

1978இல் ஆலைக்கு ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் வந்தார். ஆறு மாதம் சூளை மோட்டாருக்கு அடியில் அவரோடு படுத்துக் கிடந்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அவர் கொண்டுவந்த வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டேன். ஊருக்குப் போகும்போது அவர் மேசையில் இருந்த வெள்ளைப் பூச்சாடியைக் கொடுத்தது எனக்கு அல்ல. ரோஜாவுக்குத் தண்ணீர் விட்ட செல்லதுரைக்கு. எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. நாற்பத்தேழு வருடம் ஆகிறது. மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காயலான் கடையில் அதே மாதிரி ஒரு ஜாடி கிடைத்தது. பழைய குடியிருப்பைக் காலி செய்தவர்கள் போட்டது. உள்ளே பெயிண்ட் பிரஷ் நிறுத்தி வைத்திருந்தான். வெளியே மெருகு போடாத வெள்ளை, தடவினால் மாவு மாதிரி. உள்ளே மட்டும் வழவழப்பு. அடியில் பச்சை முத்திரை, ஒரு எண், நாட்டின் பெயர். அந்த முத்திரையைப் பிடித்துக்கொண்டு போனில் தேடித் தேடி ஜெர்மன் எழுத்தைப் படிக்கக் கற்றேன். எந்த முத்திரை எந்தப் பத்தாண்டு என்று இப்போது பார்த்தவுடன் சொல்வேன். பழைய ஆபீசர்கள் வீடு வீடாக அலைந்து பத்து சேர்த்தேன். என் மகன் அசோக் ஒரு முறை, "பூ வைக்காத ஜாடி எதுக்குப்பா?" என்று கேட்டான். அதன் பிறகு அவனிடம் ஜாடியைப் பற்றிப் பேசியதில்லை. நாலு வருடம்.

செல்லதுரையிடம் இருந்தது மூன்று உயரங்களில் வந்த வகை. சின்னதும் பெரியதும் என்னிடம் இருந்தன. நடுவானது இல்லை. இடுப்பு ஒடுங்கி, மேலே வரிவரியாகப் புடைத்து, கொஞ்சம் சாய்ந்து நிற்கும். போன வருடம் பிப்ரவரியில் போய்க் கேட்டேன். செல்லதுரை வயலில் இருந்தான். பொன்னுத்தாய் கொடுக்கவில்லை.

"அது மணிமொழியோடதுண்ணே. குடுக்க மாட்டேன்."

மணிமொழி அவர்களின் மூத்த பெண். பதினாலு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். உயிரோடு இருந்தவரை அந்த ஜாடியில் அரளிப்பூ வைத்தது அவள்தான். கல்யாணம் ஆகாமல் போன பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம். அவளுக்கு ஒரு சேலை, ஒரு கலசம், இரண்டையும் ஒரு பெட்டியில் வைத்து வருடத்துக்கு ஒரு முறை படைப்பார்கள். வீட்டில் அடுத்த கல்யாணம் வந்தால் கிணற்றடியிலிருந்து கலசத்தில் தண்ணீர் எடுத்து அவளை அழைத்து வந்து உட்கார வைத்த பிறகுதான் பந்தக்கால். பொன்னுத்தாய்க்கு அந்த ஜாடிதான் கலசம்.

மார்ச்சில் மறுபடி போனேன். அப்போது பேச்சுவாக்கில் எலும்பு என்பது வாயில் வந்துவிட்டது. திட்டம் போட்டுப் போகவில்லை. இங்கிலாந்துப் பீங்கானில் எலும்புச் சாம்பல் உண்டு என்று படித்தது நாக்கில் இருந்தது, வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள், சூடு பட்ட மாதிரி. பிறகு ஜாடியைத் தொடவில்லை. நானே எடுத்துப் பையில் வைத்தேன். பதிலுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

என் மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னிக்கி ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டாந்தீங்களே. அது ஏது?"

பொன்னுத்தாய் கொடுத்தது என்றேன். நல்ல நேரத்தில் வந்து சொன்னீர்கள் என்று கட்டிக் கொடுத்தாள்.

"ரெண்டு மாசம் சாம்பார் வச்சுத் தின்னோம்." அவ்வளவுதான் சொன்னாள். கீரையோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஐம்பது வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் எழுந்து போனது இதுதான் முதல் தடவை.

ஜூலை 3, வியாழன்

ஜாடியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வாலிகண்டபுரம் போனேன். பெரம்பலூரில் பஸ் மாறும்போதுகூட, கொடுத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பொன்னுத்தாய் பாதியாக இளைத்திருக்கிறாள். வாசலோடு சரி, சாமி அறைக்குள் போவதே இல்லையாம். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"வாங்கண்ணே. இருபது வருசம் எம்பொண்ணுக்கு எலும்புல தண்ணி வச்சுக் குடுத்திருக்கேன். அவ எப்படிண்ணே குடிச்சிருப்பா? அதான் அனிதாவுக்கு வர்ற எடமெல்லாம் தட்டிப் போயிருக்கு. இப்ப ஒண்ணு கூடி வந்தும் நிக்குது."

பெரிய பங்காளி அன்பழகனும் அங்கே இருந்தார். செல்லதுரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என்னைக் காட்டி, "படிச்ச மனுசன், நாள் கழிச்சாவது வந்து சொன்னாரு. இந்தம்மா எதையும் கேட்டுச் செய்யணும்ல?" என்றார். பொன்னுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மோர் கொடுத்தாள். குடித்தேன். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூலை 4

பையைத் திறக்கவே இல்லை. துண்டோடு அப்படியே பீரோவில் வைத்தேன். என்ன மனுசன்யா நீ?

ஜூலை 11

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கவலை ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

செல்லதுரை, பொன்னுத்தாய், அன்பழகன் மூவரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். இது ஜெர்மன் பீங்கான். வெள்ளைக் களிமண், பாறைத்தூள், மணல், மூன்றும் சேர்த்துக் கடும் சூட்டில் சுட்டது. எலும்பு ஒரு துளியும் இல்லை. ஜாடி மேல் ஆசைப்பட்டு நான் சொன்னது பொய்.

யாரும் கோபப்படவில்லை. அன்பழகன் சிரித்தார்.

"ஐயா, இந்தம்மா அழுதிருக்கும். நீங்க எரக்கப்பட்டு மாத்திப் பேசுறீங்க. அன்னிக்கி அவ்வளவு வெவரமா சொன்னது பொய், இன்னிக்கிச் சொல்றது நெசமா?"

"சத்தியமா பொய் சொன்னேன்யா!" என்று கத்தினேன். என் வாயால் இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நினைத்ததில்லை.

செல்லதுரை அண்ணனைப் பார்த்து, "ஏண்ணே, போன போகத்துக்கு நம்ம ரெண்டு பேரும் வயலுக்கு எலும்புத்தூள்தான் போட்டோம். அதுல வெளஞ்சதுலதான பொங்க வச்ச? அப்ப உன் சாமி ஒண்ணும் சொல்லலியா?" என்றான்.

"வயக்காடு வேற, சாமிப் பொட்டி வேற. வக்கணை பேசாதடா."

பொன்னுத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அண்ணே, எனக்காகத்தான் சொல்றீங்களா?"

அவளும் நம்பவில்லை. என்னைப் பொய்யன் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஜாடியை வாங்கிக்கொள்ளவும் இல்லை. திரும்பக் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை அது வாலிகண்டபுரத்திலிருந்து என் மடியில் பஸ் ஏறியது.

ஜூலை 22

ஜெர்மன் கம்பெனியின் பக்கத்தையே போனில் எடுத்து, தமிழில் மாற்றி அன்பழகனுக்கு அனுப்பினேன். கூப்பிட்டார். "போன்ல என்னதாங்க வராது? நெதம் ஒருத்தன் எனக்கு லாட்டரி விழுந்துருக்குங்கிறான்" என்றார்.

நாற்பது வருடம் ஆலையில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மின்சாரம் வராது என்று நான் சொன்னால் மேனேஜரே வீட்டுக்குப் போய்விடுவார். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை.

ஜூலை 29

அனிதா போன் செய்தாள். பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் வேலை. பின்னால் யாரோ துணியை விரிக்கச் சொல்லும் சத்தம்.

"பெரியப்பா, மாப்பிள்ள வூட்டுல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பங்காளி யாருமில்லாம எப்படிப் பந்தக்கால் நடுவீங்கன்னு. எனக்குக் கல்யாணம் நின்னாலும் பரவால்ல பெரியப்பா. அம்மா சோறு திங்கட்டும். நீங்க சொன்னது நெசம்னா ஏதாவது ஒரு ரூபத்துல காட்டுங்க. இல்லேன்னா வுட்டுருங்க, சும்மா சும்மா வராதீங்க."

அதட்டலாகத்தான் சொன்னாள். என் மகன்கூட என்னை இப்படி அதட்டியதில்லை. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஜாடியைப் பற்றி முன்பே எங்காவது ஏதாவது குறித்திருப்பேனா என்று போன வருட நோட்டைத் தேடி எடுத்தேன். போய் வந்ததை எழுதவில்லை என்பது நினைவிருந்தது. முந்தின நாள் எழுதியது நினைவில்லை. இருக்கிறது. 2024 மார்ச் 9. என் கையெழுத்து, பச்சை மை.

'செல்லதுரையின் ஜாடி ஜெர்மன் கடும்பீங்கான். எலும்புச் சேர்க்கை இல்லை. அவர்களுக்கு அது தெரிய வழியில்லை. மாட்டெலும்பு என்றால் அவளே தள்ளிவிடுவாள். செல்லதுரை இல்லாத நேரம் போக வேண்டும், ஞாயிறு காலை அவன் சந்தைக்குப் போவான். வெள்ளைக்காரன் எனக்குத் தர வேண்டியதை அவனுக்குத் தந்தான், நான் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. செத்த பெண்ணுக்கு ஜெர்மன் பீங்கான் எதற்கு? எவர்சில்வர் போதும்.'

வாயில் வந்துவிட்டது என்று ஜூன் மாதம் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். என்னிடமே பொய் சொல்லியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்.

ஆகஸ்ட் 3

இதைக் காட்டினால் நம்புவார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பொய் சொல்வதற்கு முந்தின நாளே எலும்பு இல்லை என்று எழுதியிருக்கிறேன். நாளோடு இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைசி வரி.

முதல் மூன்று வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா? எலும்பு இல்லை என்பதுதானே விஷயம். எடுத்தும் பார்த்தேன். கட்டை விரலால் கீழ்ப்பாதியை மறைத்து.

புஷ்பவல்லி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. நோட்டை வாங்கி முழுதும் படித்தாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியாது. தூரத்தில் பிடித்து, மெதுவாக, கடைசி வரி வரை.

"விரலை எடுத்துட்டுக் காட்டுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 6

போகாமல் இருக்க நாலு காரணம் யோசித்தேன். எதுவும் நிற்கவில்லை. அன்பழகனுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளைக் கூப்பிடச் சொன்னேன். "மறுபடியுமா?" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். புஷ்பவல்லியும் என்னோடு வந்தாள்.

நான் படித்தால் எங்காவது தாண்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும். நோட்டை அன்பழகனிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. எலும்புச் சேர்க்கை இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, தேதியை ஒரு முறை பார்த்தார். மேலே போனார். கடைசி வரிக்கு வந்ததும் நோட்டைத் தாழ்த்திவிட்டார்.

"என்னா போட்டுருக்கு? படிங்க மாமா" என்றாள் பொன்னுத்தாய்.

"வேணாம் தாயி."

"படிங்க."

படித்தார். அனிதா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுத்தாய் அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகக் குனிந்தே பார்த்த தலை அது.

பங்காளிகளில் ஒருவர், "ஆக எலும்பு இல்ல. இந்தப் பொம்பளையப் போயி நாம இத்தினி நாளு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அன்பழகன் பொன்னுத்தாயிடம், "நானும் பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்றார். என்னைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. திட்டுவார்கள் என்று தயாராக வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி!

செல்லதுரை மட்டும் பேசினான்.

"வெள்ளைக்காரன் எனக்குக் குடுத்தான்னு இத்தினி வருசமா மனசுல வச்சிருந்தீங்களாக்கும்? அவரு போற அன்னிக்கி நீங்க ஏதோ கோவத்துல ரயிலடிக்கு வரல. நான்தான் பொட்டி தூக்கிட்டுப் போனேன். பொட்டி மூட மாட்டேனுது. மேல உக்காந்து அமுக்கிப் பாத்தாரு, ஆவல. ஜாடிய எடுத்து என் கையில திணிச்சுட்டு வண்டி ஏறிட்டாரு. அம்புட்டுத்தாண்ணே. அங்க யாரு நின்னுருந்தாலும் அவங்க கையிலதான் அது."

என்ன கோபம் என்று எனக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

ஜாடியைத் துண்டிலிருந்து எடுத்துப் பொன்னுத்தாய் முன் வைத்தேன். இந்த முறை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே கை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பிறகுதான் என்னிடம் பேசினாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"உங்கள மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். எனக்கு அது வரல. அவளப் படைக்கிற அன்னிக்கி நீங்க வர வேணாம். அக்கா வரட்டும்."

சரி என்றேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். புஷ்பவல்லி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12

பொன்னுத்தாய் நேற்று இரண்டு வேளை சாப்பிட்டாளாம். அனிதா புஷ்பவல்லிக்குச் சொன்னது. எனக்கு அல்ல.

ஆகஸ்ட் 16, சனி

வரும் வெள்ளிக்கிழமை படையல். பங்காளிகள் எல்லோரும் வருகிறார்கள். இன்று காலை புஷ்பவல்லி போனில் பேசி முடித்ததும், கேட்டதை எழுதி வைக்கச் சொன்னாள். யார் எதைச் செய்ய வேண்டும் என்பது:

அன்பழகன்: பம்பைக்காரருக்குச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய், தடை இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். எதனால் வந்த தடை என்றும் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லலாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

செல்லதுரை: கிணற்றடியை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அனிதா: ஜாடியைப் புளி போடாமல், வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். மெருகு இல்லாத இடத்தில் கறை இறங்கிவிடும். இதைப் புஷ்பவல்லி தன் யோசனை போலச் சொல்ல வேண்டும்.

புஷ்பவல்லி: மணிமொழிக்குச் சேலை எடுக்க வேண்டும். இருந்தால் இப்போது முப்பத்தைந்து வயது. பாவாடை தாவணி வேண்டாம், சேலைதான் என்று பொன்னுத்தாய் சொல்லியிருக்கிறாள். நிறத்தையும் அவளே சொல்வாள். வியாழக்கிழமையே போய் அங்கே தங்க வேண்டும்.

நான்: அசோக்கிடம் நடந்ததை, அவன் வேறு யாரிடமும் கேட்பதற்கு முன், சொல்ல வேண்டும். பீரோவில் இருக்கும் மற்ற பத்தில் இரண்டு ஜாடிகளுக்கும் இதே மாதிரி போக வேண்டிய வீடுகள் உண்டு. அங்கே சொன்னது வேறு பொய்கள். எழுதி வைக்கவில்லை, நினைவிருக்கிறது. ஆவணி முடிவதற்குள் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும், புஷ்பவல்லியை இழுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறக் கூடாது. எப்படி நடந்தது என்று போன் செய்து கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.